லேசரா, போடாக்ஸா, ஃபில்லரா: எது முதலில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வயது 43, மாநிறம். கன்னங்களில் மங்கு (பழுப்புத் திட்டு), புருவங்களுக்கு நடுவிலும் நெற்றியிலும் கோடு, கண்ணுக்குக் கீழே குழி, தாடை ஓரத்தில் லேசான தொங்கல். 6 மாதத்தில் வீட்டில் ஒரு விசேஷம். மூன்று இடங்களில் ஆலோசனை கேட்டீர்கள். ஒருவர் லேசரை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார், ஒருவர் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியில் தொடங்கலாம் என்கிறார், மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். போதாததற்கு, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில் 2 வருடத்துக்கு முன் ஏதோ ஒரு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) போட்டிருக்கிறீர்கள். அதன் பெயர் உங்களுக்குத் தெரியாது. மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் பிரித்தறிய நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதன் பலன் வந்த பிறகுதான் எதற்கு அளவெடுக்க முடியும்? முகத்தை நேரில் பார்க்காமல் எழுதுவதால் யூனிட்டும் மில்லியும் உங்களுக்கென்று என்னால் சொல்ல முடியாது. வரிசையையும் அதன் காரணங்களையும் சொல்ல முடியும்.

முதலில் நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போடாக்ஸ் வகை ஊசி 3 முதல் 5 நாளில் பிடிக்கத் தொடங்கும், 14-ஆம் நாள் வாக்கில் முழுதாகத் தெரியும், 3 முதல் 4 மாதத்தில் விட்டுவிடும். ஹையலூரானிக் அமில ஃபில்லரின் பலன் போட்டவுடன் கண்ணாடியில் தெரியும், ஆனால் அதில் ஒரு பங்கு வீக்கம்; அது வடிந்து ஜெல் தசையோடு தோலோடு ஒட்டி அமர சுமார் 2 வாரம் வேண்டும். ஹைஃபூ (குவித்த ஒலியலை), ஆர்.எஃப் (ரேடியோ அலை) போன்று சூட்டைக் கொடுத்து இறுக்கும் கருவிகளுக்கு அவசரமே கிடையாது. உள்ளே உண்டாக்கிய சின்னச் சின்னச் சூட்டுக் காயங்களைச் சுற்றிப் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாக வேண்டும், அதற்கு 3 மாதம் முதல் 6 மாதம் வரை ஆகும். பீலும் (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது) லேசரும் வெளியே ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஆனால் மாநிறத் தோலில் அவை விட்டுப்போகும் கருமை சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், மறைய மாதக்கணக்கு ஆகும். ஆகவே மெதுவாகப் பலன் தருபவை முன்னால், சீக்கிரம் பலன் தந்து சீக்கிரம் விடுபவை விசேஷத்துக்கு அருகில். பாதி வரிசை இந்தக் கணக்கிலேயே அமைந்துவிடும்.

மீதிப் பாதி, ஒன்று இன்னொன்றின் அளவை மாற்றுவதால் வருகிறது. பருத்தித் துணியை நனைத்துச் சுருங்கவிட்ட பிறகுதானே தையலுக்கு அளவெடுப்பார்கள்? தாடை ஓரத் தொங்கல் கருவியால் கொஞ்சம் ஏறினால், அங்கே போட நினைத்த ஃபில்லர் 2 சிரிஞ்சிலிருந்து 1 ஆகக் குறையலாம். முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு இறுக்கினால், அதிகமாகிப்போனதைக் கரைக்க வேண்டி வரும். புருவ நடுக் கோட்டிலும் இதே கதை. அந்தக் கோட்டை உண்டாக்குவது தசை. போடாக்ஸ் தசையைத் தளர்த்திய 2 வாரத்துக்குப் பிறகும் முகம் சும்மா இருக்கும்போது பள்ளமாக ஒரு கோடு மிஞ்சினால், அதுதான் மற்ற சிகிச்சைக்கு உரிய கோடு. பலருக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. புருவ நடு என்பது ஃபில்லருக்கு மிக ஆபத்தான இடங்களில் ஒன்று, கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயோடு தொடர்புள்ள கிளைகள் அங்கே ஓடுகின்றன. அங்கே ஃபில்லர் தேவையே இல்லாமல் செய்துவிடுகிறது என்பதற்காகவே போடாக்ஸ் முதலில் என்று சொல்பவர் பக்கம் நான் சாய்வேன்.

போடாக்ஸைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை நிறைய. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கொலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. புருவ நடுவுக்கு ஓனாபோட்டுலினம் வகையில் (போடாக்ஸ் என்ற பெயரில் விற்பது இதுதான்) வழக்கமான அளவு 20 யூனிட், 5 புள்ளிகளில் தலா 4. கண்ணோரக் கோடுகளுக்கு இரு பக்கமும் சேர்த்து 24, நெற்றிக்கு 20. அபோபோட்டுலினம் என்ற இன்னொரு வகையில் அதே புருவ நடுவுக்கு 50 யூனிட். இரண்டும் ஒரே யூனிட் அல்ல, ஒன்றின் எண்ணை இன்னொன்றில் வைத்துப் பார்க்கக் கூடாது. "அங்கே 50 போடுகிறார்கள், இங்கே 20தான்" என்று விலையை ஒப்பிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நெற்றியைத் தனியாகப் போடச் சொல்லாதீர்கள். நெற்றித் தசை மட்டும்தான் புருவத்தை மேலே தூக்குகிறது, புருவ நடுத் தசைகள் கீழே இழுக்கின்றன. தூக்குவதை மட்டும் தளர்த்தினால் இழுப்பது ஜெயித்துப் புருவம் கனத்து இறங்கும். மேலிமைத் தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், நீங்கள் அறியாமலே நெற்றியைச் சுருக்கித்தான் கண்ணை அகலத் திறந்து வைத்திருப்பீர்கள். அப்படிப்பட்டவருக்கு நெற்றியில் குறைந்த அளவு போட வேண்டும், அல்லது போடாமலே விட வேண்டும். ஒரு மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளரவிட்டு, மெதுவாகத் திறக்கச் சொல்கிறார் என்றால் இதைத்தான் சோதிக்கிறார். இந்தச் சோதனை இல்லாமல் ஊசியை எடுப்பவரிடம் நான் கொஞ்சம் தயங்குவேன்.

அடுத்தது கண்ணுக்குக் கீழே உள்ள குழி. அங்கே தெரியும் கருமை மூன்று காரணத்தால் வரலாம்: நிறமி, மெல்லிய தோலின் அடியில் தெரியும் ரத்தநாளம், பள்ளத்தின் நிழல். கண்ணாடி முன் முகத்தை அண்ணாந்து, வெளிச்சம் நேராகக் குழியில் விழும்படி பாருங்கள். கருமை காணாமல் போனால் அது நிழல், ஃபில்லரால் பயன் உண்டு. அப்படியே இருந்தால் நிறமியோ நாளமோ, ஃபில்லர் அதை ஒன்றும் செய்யாது. நிழல்தான் என்றாலும் நேரடியாகக் குழியை நிரப்பக் கூடாது. நடுக் கன்னத்தின் தாங்கல் குறைந்ததால்தான் அந்தப் பள்ளம் ஆழமாகத் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கன்னத்தை முதலில் தாங்கி, 2 வாரம் விட்டு, மிஞ்சிய பள்ளத்துக்கு மட்டும் சிறிதளவு போடுவதுதான் சரி. கண்ணுக்குக் கீழே ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் அரை மில்லிக்குள் முடிந்துவிடும். அதிகமாகவோ மேலாகவோ போட்டால் ஜெல் ஒளியைச் சிதறடித்து நீலம் பாரித்த திட்டாகத் தெரியும், காலையில் எழுந்ததும் உப்பும். தடிமனான, நீரை அதிகம் உறிஞ்சும் ஜெல்லை அங்கே போடுவது தவறு. உங்களுக்குக் காலையில் கண்ணடி உப்பும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால், இந்த இடத்தைத் தொடாமல் விடுவதே மேல்.

தாடை ஓரத் தொங்கலுக்குக் கருவி என்றால், ஹைஃபூவில் கருவியின் முனையை மாற்றி மாற்றி 1.5, 3.0, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் சூட்டைக் குவிப்பார்கள். மேல்தோலைச் சுடாமல் உள்ளே இறங்குவதால், மங்கு இருக்கும் முகத்திலும் ஒப்பளவில் பாதுகாப்பானது. அதனால்தான் மங்குச் சிகிச்சைக்காகக் காத்திருக்காமல் இதை முதல் மாதத்திலேயே செய்துவிடலாம். ஆனால் மெலிந்த முகத்தில் 4.5 ஆழத்தைக் கன்னத்தில் தாராளமாக ஓட்டினால் இருக்கும் கொழுப்பும் கரைந்து குழி விழும். இறுக்கப் போய் வயதைக் கூட்டிக்கொள்வது இப்படித்தான். தாடை எலும்பின் ஓரமாகக் கீழுதட்டை இழுக்கும் நரம்பு போகிறது, அதைச் சூடு தொட்டால் சிரிப்பு சில வாரம் கோணலாகலாம். பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், ஆனால் விசேஷத்துக்கு முந்தின மாதம் அது வேண்டாம். பலன் மிதமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோல் நன்றாகவே தொங்கிவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் அறுவைச் சிகிச்சை செய்வதைச் செய்யாது. நூல் போட்டுத் தூக்குவதும் இதே வரிசையில் ஃபில்லருக்கு முன்தான் வரும். நூல் இழுத்த பிறகு கன்னத்தின் வடிவமே மாறுவதால் குறைந்தது சில வாரம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும். கரையும் நூல் வகையைப் பொறுத்து 6 மாதத்திலோ இன்னும் தாமதமாகவோ கரைந்துபோகும், அதற்குள் அதன் மேலே ஆழமான சூட்டுக் கருவியை ஓட்டாமல் இருப்பது நல்லது.

இப்போது மங்கு. உங்கள் திட்டத்தில் மிகவும் கவனம் வேண்டியது இதுதான், மூவரில் ஒருவர்கூட இதை முதலில் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. மங்கு என்பது தோலின் மேல் ஒட்டியிருக்கும் கறை அல்ல. நிறமி செய்யும் செல்களே சீண்டலுக்கு எளிதில் பொங்கும் நிலையில் இருக்கின்றன. வெயில், கண்ணுக்குத் தெரியும் ஒளி, சூடு, ஹார்மோன், உரசல் எல்லாமே சீண்டல். ஆகவே வலுவான லேசரில் தொடங்குவது நெருப்பை ஊதுவது போல. ஐ.பி.எல். என்ற ஒளிக் கருவி வெளுத்த தோலில் நன்றாக வேலை செய்யும். மாநிறத்தில் மங்கின் மேல் அதை ஓட்டினால் முதல் வாரம் வெளுத்து, அடுத்த மாதம் முன்னைவிடக் கறுத்துவிடும் அபாயம் பெரிது. மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் ஒப்பளவில் பாதுகாப்பானது, அதுவும் குறைந்த ஆற்றலில். அதிலும் அடிக்கடி ஓட்டினால் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும், நிறுத்தினால் மங்கு திரும்புவதும் உண்டு.

அதனால் மங்குக்கு முதல் 6 முதல் 8 வாரம் கிரீமும் சன்ஸ்கிரீனும் மட்டும்தான். சன்ஸ்கிரீன் என்றால் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள வகை. சாதாரணச் சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். மங்கைச் சீண்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்துத் தடவ வேண்டும், வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மென்மையான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம்தான் மங்குக்கு அதிகம் சோதிக்கப்பட்டது. அது 8 முதல் 12 வாரத்துக்கான மருந்து, அழகுக் கிரீம் அல்ல. நன்றாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தநாளம் தெரியும், ஹைட்ரோகுயினோனால் நீலக் கருமை படியும். டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள், வழக்கமாக 250 மில்லிகிராம் இரு வேளை. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து அது. உங்களுக்கோ குடும்பத்திலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலும், கருத்தடை மாத்திரை எடுத்தாலும் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையை விழுங்காதீர்கள். மங்கு அமைதியான பிறகுதான் பீல். கிளைகாலிக் அமிலம் 20 அல்லது 30 சதவீதத்தில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்து ஏற்ற வேண்டும். கடிகாரம் பார்த்துச் சமன் செய்ய வேண்டிய அமிலம் அது. இன்னொரு பீல் அமிலமான சாலிசிலிக் தானாகப் படிந்து நின்றுவிடும், கிளைகாலிக் நிறுத்தும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பீலுக்கு 3 முதல் 7 நாள் முன்னால் ட்ரெட்டினாயினை நிறுத்த வேண்டும். மறந்து தொடர்ந்தால் அமிலம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும். ஒரு பீலுக்கும் அடுத்ததற்கும் 3 முதல் 4 வாரம்.

இனி, ஒரே நாளில் எல்லாம் என்பதைப் பார்ப்போம். இது தவறு என்று ஒதுக்க முடியாது, அனுபவமுள்ளவர்கள் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு நாளுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது: கருவி முதலில், அடுத்து ஃபில்லர், கடைசியில் போடாக்ஸ். ஊசி போட்ட பிறகு ஏற்படும் வீக்கமும் கன்றலும் ஒளியையும் சூட்டையும் வேறு விதமாக உறிஞ்சும், அதனால் கருவி முன்னால். ஃபில்லரைப் போட்டதும் விரலால் அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். அதற்கு முன் போடாக்ஸ் போட்டிருந்தால் அந்த அழுத்தலில் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவும், அதனால் போடாக்ஸ் கடைசி. கவனியுங்கள், தனித்தனி நாளென்றால் போடாக்ஸ் ஃபில்லருக்கு முன், ஒரே நாளென்றால் பின். மருத்துவர்கள் முரண்படுவது போல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் உங்களுக்கு ஒரே நாள் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் முதலில் தெரியும் அறிகுறி தோல் வெளுப்பது, பிறகு வலை போன்ற ஊதாத் திட்டு. அதே இடத்தில் லேசர் சிவப்போ, அட்ரினலின் கலந்த மரப்பு ஊசியின் வெளுப்போ இருந்தால் அந்த அறிகுறி மறைந்துவிடும். மரத்துப்போன முகத்தில் வலியும் தெரியாது. நேரம் போகப் போகத் தோல் செத்துவிடும் ஒரு விபத்தில், மணிக்கணக்கில் தாமதமாவது இப்படித்தான். இரண்டாவது, மரக்கச் செய்யும் மருந்தின் கூட்டுத்தொகை. முகம் முழுக்கத் தடவிய கிரீம், நரம்பை மரக்கச் செய்யப் போட்ட ஊசி, ஃபில்லருக்குள்ளேயே மில்லிக்கு 3 மில்லிகிராம் என்று கலந்திருக்கும் லிடோகெயின், மூன்றையும் ஒருவரும் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் எரிச்சலூட்டும்: மறுநாள் முகம் வீங்கினால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. லேசரோ நுண்ணூசியோ மேல்தோலைத் திறந்துவிட்ட இடத்தின் வழியாக அன்றே ஃபில்லரைக் குத்துவது கிருமிக்கும் வழிவிடுகிறது. ஃபில்லரைச் சுற்றிக் கிருமி கூடு கட்டிவிட்டால் மாதங்கள் கழித்துக் கட்டியாக வீங்கும், மருந்துக்கு எளிதில் அடங்காது. ஊரிலிருந்து ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவருக்கு வேறு கணக்கு. உங்களுக்கு 6 மாதம் இருக்கிறது.

அந்த 6 மாதத்தை 26 வாரமாக வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி 2 வாரத்தில் புதிதாக எதுவும் கிடையாது. முன்பு செய்து பழகிய மென்மையான ஃபேஷியல் மட்டும் வேண்டுமானால். 22-ஆம் வாரம் இரண்டாவது போடாக்ஸ்: 2 வாரத்தில் முழுப் பலன், ஏற்றத்தாழ்வைத் திருத்த ஒரு வாரம், அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி. 16 முதல் 18-ஆம் வாரத்துக்குள் கன்னத்து ஃபில்லர், 2 வாரம் கழித்துக் கண்ணுக்குக் கீழே. பீல்களில் கடைசியானது 18-ஆம் வாரத்தைத் தாண்டக் கூடாது. கருமை படிந்தாலும் தெளிய 8 வாரமாவது இருக்க வேண்டும். ஃபில்லரும் அதே வாரங்களில் வருவதால் பீலை முன்னும் ஃபில்லரைப் பின்னும் வைத்து நடுவில் 2 வாரம் விடுங்கள். முதல் போடாக்ஸ் 5 அல்லது 6-ஆம் வாரம். அது ஒத்திகை மாதிரி: எத்தனை யூனிட் உங்களுக்கு அதிகம், எந்தப் புருவம் ஏறுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், விசேஷத்துக்கான ஊசியில் ஆச்சரியம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே 12 வாரத்துக்குக் குறையாமல் இருப்பதும் முக்கியம், அடிக்கடி போட்டால் உடல் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளலாம். ஹைஃபூ 2 அல்லது 3-ஆம் வாரம். முதல் வாரம் புகைப்படம், சன்ஸ்கிரீன், கிரீம். புகைப்படத்தை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், சிரிக்காமலும் சிரித்தும் புருவம் சுருக்கியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எது பலன் தந்தது என்பதில் உங்கள் நினைவு நம்பகமான சாட்சி அல்ல.

இந்த வாரக் கணக்குகளில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். போடாக்ஸ் பிடிக்கும் நாள், ஃபில்லர் வீக்கம் வடியும் நாள், கொலாஜன் உருவாகும் மாதம், மாநிறத் தோலின் கருமை, இவையெல்லாம் உறுதி. ஆனால் ஃபில்லருக்கும் லேசருக்கும் நடுவே 2 வாரமா 4 வாரமா என்பதெல்லாம் பெரும்பாலும் வல்லுநர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டவை. இரு குழுக்களை ஒப்பிட்டு அளந்து கிடைத்தவை குறைவு. நான் மேலோட்டமான சிகிச்சைக்கு 2 வாரம், ஆழமாகச் சூடு இறக்கும் கருவிக்கு 4 வாரம் என்று வைத்துக்கொள்வேன். சூடு ஃபில்லரை உருக்கிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மேலிருந்து கொடுக்கும் ஆர்.எஃப். சூட்டில் ஃபில்லர் பெரிதாகக் கெடவில்லை என்றே விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டின. ஊசி முனை நேரடியாக ஜெல்லுக்குள் இறங்கும் ஆர்.எஃப். நுண்ணூசியில் அந்த நிம்மதி செல்லாது. போடாக்ஸ் போட்டு 4 மணி நேரம் படுக்கக் கூடாது என்பது வழக்கம், அதற்கான ஆதாரம் மெலிது. ஆனால் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை, தேய்க்காமல் இருப்பது அதைவிட முக்கியம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தவர்கள் 6 மாதம் எதையும் செய்யக் கூடாது என்று முன்பு ஒரே போடாகச் சொன்னார்கள். 2017-இல் வந்த தோல் மருத்துவப் பரிந்துரைகள் அதைத் தளர்த்தின: மேலோட்டப் பீலுக்கும் நுண்ணூசிக்கும் அவ்வளவு காத்திருக்கப் போதிய காரணமில்லை, முழு முகத்தையும் உரித்தெடுக்கும் லேசருக்கும் இயந்திரத்தால் தோலைத் தேய்த்தெடுப்பதற்கும் மட்டும் காத்திருக்கலாம்.

ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. உதட்டோரம் அக்கி போல் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால், வாயைச் சுற்றி லேசரோ ஆழமான பீலோ செய்யும் முன் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். காயத்தில் அது கிளம்பினால் தழும்பாகும். பல் பிடுங்குவதோ ஆழமாகச் சுத்தம் செய்வதோ இருந்தால் ஃபில்லருக்கு முன்னும் பின்னும் 2 வாரம் தள்ளுங்கள், வாயிலிருந்து ரத்தத்தில் ஏறும் கிருமி ஜெல்லில் தங்கக்கூடும். தடுப்பூசியையும் ஃபில்லரையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், தடுப்பூசி போட்டதும் பழைய ஃபில்லர் வீங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவற்றை ஒரு வாரம் முன்னரே நிறுத்தினால் கன்றல் குறையலாம். இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்றல் 10 நாளில் போய்விடும். கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ போடாக்ஸும் ஃபில்லரும் வேண்டாம். மயஸ்தீனியா போன்ற தசை நரம்பு நோய் இருந்தால் போடாக்ஸை நினைக்கவே வேண்டாம்.

ஃபில்லர் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போவது, தோல் வெளுப்பது அல்லது வலைபோல் ஊதாவாவது, விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்ப நேரமாவது, கண் மங்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், போட்டவரை அந்த நேரமே கூப்பிடுங்கள். பார்வையில் கோளாறு என்றால் நேரே கண் மருத்துவம் உள்ள அவசரப் பிரிவு. ஹையலூரானிக் ஃபில்லரைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது, ரத்தக்குழாய் அடைத்தால் அதைத் தாராளமாக, திரும்பத் திரும்பப் போட வேண்டும். அது அந்த இடத்தில் கைவசம் இருக்கிறதா, இரவு எந்த எண்ணில் கிடைப்பார் என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். கேள்வியைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பெயர் தெரியாத அந்தப் பழைய ஃபில்லர். இதைத் தீர்க்காமல் மேலே சொன்ன திட்டத்தில் அந்த மடிப்பையும் நடுக் கன்னத்தின் உள்பக்கத்தையும் தொட வேண்டாம். ஹையலூரானிக் அமிலம் என்றால் நொதியால் கரையும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம் போன்றவை என்றால் அந்த நொதி ஒன்றும் செய்யாது. சிலிகான் போன்று நிரந்தரமாகத் தங்குபவையும் இருக்கின்றன. 2 வருடம் ஆயிற்றே, கரைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், ஹையலூரானிக் ஜெல்லே அதைவிட நீண்ட காலம் தங்கியிருப்பதை ஸ்கேன்கள் காட்டியுள்ளன. போட்ட இடத்தில் உங்கள் கோப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு சிரிஞ்சோடும் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் வரும், அதைக் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தோலுக்கான உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஹையலூரானிக் ஜெல் கறுப்புக் குமிழ் போலத் தெரியும், கால்சியம் வகை வெளுப்பாகத் தெரிந்து அடியில் நிழல் விழும். எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும், ஹைஃபூ ஓட்டுபவருக்கு அது வேண்டிய தகவல். முதல் வாரத்திலேயே, புகைப்படம் எடுக்கும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹைஃபூ அடுத்த வாரமே வருகிறது.